பட்டியலில் தொடங்கிய படுகொலை

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே ஆர்மீனியர்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். ‘இன்னும் சொல்லுங்கள்’ என்று சிலர், ‘எதற்கு இந்தப் பழங்கதை?’ என்று சிலர். இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

ஆர்மீனியர் என்றால் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள். (விருதுநகர்)

அராரத் மலையைச் சுற்றிய மேட்டுநிலத்தில் ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவரும் மக்கள். கிறிஸ்தவத்தை அரச மதமாக ஏற்ற முதல் நாடு அவர்களுடையது, ஆண்டு கி.பி. 301 என்பது அவர்கள் மரபு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி அவர்கள் மொழிக்குத் தனி எழுத்து வகுத்தார். நாட்டைப் பலமுறை இழந்தார்கள். மொழியையும் திருச்சபையையும் இழக்கவில்லை.

அவர்கள் மீதான துன்புறுத்தல் 1915-இல்தான் தொடங்கியதா? (ஈரோடு)

இல்லை. கி.பி. 451-இல் பாரசீகத்தின் சாசானிய மன்னன் தன் ஜொராஸ்ட்ரிய மதத்துக்கு மாறச் சொன்னான். அவராயர் களத்தில் வர்தான் மாமிகோனியன் தலைமையில் போரிட்டுத் தோற்றார்கள். விடாமல் போராடி 484-இல் உடன்படிக்கை மூலம் வழிபாட்டு உரிமையைப் பெற்றார்கள்.

மறுபக்கம் பைசாந்தியம். அதுவும் கிறிஸ்தவப் பேரரசுதான். கிறிஸ்துவின் இயல்பு பற்றி 451-இல் கால்சிடோன் சபை எடுத்த முடிவை ஆர்மீனியத் திருச்சபை ஏற்கவில்லை. அந்த ஒரு கோட்பாட்டு வேறுபாட்டுக்காக அவர்களை வழிதவறியவர்கள் என்று சொல்லிப் பலமுறை நெருக்கினார்கள். ஒரே வேதத்தைப் படிப்பவர்களுக்குள்ளும் இது நடந்தது என்பதை, ஒரு மதத்தின் மேல் மட்டும் பழியைப் போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஒட்டோமான் ஆட்சியில் எல்லா மதத்தவரும் பல நூற்றாண்டுகள் நிம்மதியாக வாழ்ந்ததாகப் படித்திருக்கிறேன். அது பொய்யா? (திருச்சி)

பாதி மெய். ஒவ்வொரு மதச் சமூகமும் தன் திருமணம், கல்வி, கோயில் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள விட்டார்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம். ஆர்மீனியர்கள் கட்டடக் கலைஞர்களாக, பொற்கொல்லர்களாக, வணிகர்களாக உயர்ந்தார்கள். ‘விசுவாசமான சமூகம்’ என்று அரசே அவர்களைச் சொன்னது.

ஆனால் அந்த நிம்மதிக்கு நிபந்தனை உண்டு. தனி வரி. முஸ்லிமுக்கு எதிராகச் சாட்சி சொன்னால் நீதிமன்றத்தில் எடுபடாது. இரண்டாம் படியில் நின்றுகொண்டால் தொந்தரவில்லை. 1839-இலும் 1856-இலும் சுல்தான்கள் ‘எல்லாக் குடிகளும் சமம்’ என்று அறிவித்தார்கள். ஏட்டில் வந்த சமத்துவத்தை ஆர்மீனியர்கள் நடைமுறையில் கேட்டபோது சிக்கல் வெடித்தது. 1894 முதல் 1896 வரை, இரண்டாம் அப்துல் ஹமீது காலத்தில் நடந்த படுகொலைகளில் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பீடு. 1895 டிசம்பரில் உர்ஃபா நகரில் தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தவர்களை உள்ளே வைத்தே எரித்தார்கள். 1909-இல் அதானா. அங்கே ஏறத்தாழ 20,000 பேர். சலுகையாகத் தரப்பட்ட சகிப்பு எத்தனை நாள் நீடிக்கும் என்பது கொடுத்தவரின் கையில் இருந்தது. அதனால்தான் அதை நான் உரிமை என்று சொல்ல மறுக்கிறேன்.

1915-இல் உண்மையில் என்ன நடந்தது? (தஞ்சாவூர்)

ஒரு பட்டியலில் தொடங்கியது. ஏப்ரல் 24 இரவு கான்ஸ்டான்டிநோபிளில், இன்றைய இஸ்தான்புல்லில், காவலர்கள் வீடு வீடாகப் போனார்கள். கவிஞர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், பத்திரிகையாளர்கள், பாதிரியார்கள் என இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லிக் கூட்டிப்போனார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. கவிஞர் தானியேல் வருஜான் கொல்லப்பட்டபோது வயது 31. கிராமம் கிராமமாகப் போய் ஆர்மீனிய, குர்து நாட்டுப்பாடல்களைத் தொகுத்த இசைமேதை கோமிதாஸ், சில நாட்களில் விடுவிக்கப்பட்டுத் திரும்பினார். உயிர் திரும்பியது, மனம் திரும்பவில்லை. 1935-இல் பாரிஸில் ஒரு மனநல விடுதியில் இறந்தார்.

பட்டியலில் இருந்தவர்கள் சிந்திப்பவர்கள். படையிலிருந்த ஆர்மீனிய இளைஞர்களிடம் ஆயுதத்தை அதற்கு முன்பே பறித்து, மண் சுமக்கும் கூலிப் படையாக்கிக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். ஊர்களில் எஞ்சியவர்கள் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள். மே 27 அன்று இடப்பெயர்ப்புச் சட்டம் வந்தது. ‘தற்காலிகமாக வேறிடம்’ என்று சொல்லி அவர்களைச் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்க வைத்தார்கள். அலெப்போ, ராஸ் அல்-ஐன், டேர் எஸ்-ஸோர். வழியில் ஆயுதக் கும்பல்கள், பசி, தாகம், காய்ச்சல். அடைந்தவர்களுக்கும் அங்கே கூரையோ உணவோ கிடையாது. 1916-இல் டேர் எஸ்-ஸோரில் மிஞ்சியவர்களையும் கொன்றார்கள்.

இறந்தோர் தொகை 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை பலவாறாகச் சொல்லப்படுகிறது. அசிரியக் கிறிஸ்தவர்களும் கிரேக்கர்களும் அதே ஆண்டுகளில் அதே ஆட்சியின் கீழ் கொல்லப்பட்டார்கள். அவர்களை எல்லோரும் மறந்துவிடுவதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆர்மீனியர்கள் முதல் உலகப் போரில் ரஷ்யாவோடு சேர்ந்து துரோகம் செய்ததால்தானே? (நாகர்கோவில்)

ரஷ்யப் படையில் ஆர்மீனியத் தொண்டர்கள் இருந்தார்கள். வான் நகரில் 1915 ஏப்ரலில் ஆயுதம் ஏந்தினார்கள். அதற்குள் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் கொலைகள் தொடங்கிவிட்டிருந்தன. 1914-15 குளிர்காலத்தில் ரஷ்யாவை எதிர்த்துச் சாரிகாமிஷில் போரிட்ட போர் அமைச்சர் என்வர் பாஷாவின் படை பனியில் அழிந்தது. அந்தத் தோல்விக்கு ஆள் தேடினார்கள்.

சரி, வான் எல்லையோரம். அங்காரா எங்கே இருக்கிறது? போர்முனையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்த ஆர்மீனியர்களில் பெரும்பகுதி கத்தோலிக்கர்கள், துருக்கி மொழி பேசியவர்கள், எந்தக் கிளர்ச்சியிலும் இல்லாதவர்கள். அவர்களையும் விடவில்லை. மஸ்ஹர் பே என்ற ஆளுநர் மறுத்தார். அவரை நீக்கிவிட்டு வேறொருவரை வைத்து முடித்தார்கள். கைக்குழந்தை எந்த நாட்டுக்கு உளவு பார்த்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த விளக்கத்தையும் நான் ஏற்க மாட்டேன்.

இது மதவெறியா, இனவெறியா? (கோவை)

தூண்டியவர்களுக்கு இனவெறி, தூண்டப்பட்டவர்களில் பலருக்கு மதவெறி, இரு தரப்புக்கும் பேராசை. உள்துறை அமைச்சர் தலாத், போர் அமைச்சர் என்வர், கடற்படை அமைச்சர் ஜெமால் ஆகிய மூவரின் கட்சி ஐரோப்பியக் கல்வியிலும் தேசியவாதத்திலும் ஊறியது. பஹாயெத்தின் ஷாகிர், நாஸிம், தியார்பெகிர் ஆளுநர் ரெஷித் என அந்தக் கட்சியின் கொடிய கைகளாக இருந்த பலர் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள். மதப்பற்று மிகுந்து அரசியலுக்கு வந்தவர்கள் இல்லை.

ஆனால் அவர்களுக்கு மதம் தேவைப்பட்டது. யார் ‘நம்மவர்’, யார் ‘மற்றவர்’ என்று பேரரசின் பதிவேட்டில் ஏற்கெனவே பிரித்து எழுதியிருந்தது மதத்தின் அடிப்படையில்தான். 1914 நவம்பரில் புனிதப்போர் அறிவித்தார்கள். தேசியவாதக் கொள்கையை விளக்கினால் கிராமத்தில் ஒருவரும் கோடரி எடுக்க மாட்டார். ‘அவர்கள் நம் மதத்தின் பகைவர்கள்’ என்று சொன்னால் எடுப்பவர் இருந்தார். நம்பிக்கை இல்லாத அதிகாரம், நம்பிக்கை உள்ளவர்களின் கையில் ஆயுதம் கொடுத்ததுதான் இந்த வரலாற்றின் மையம். மத சகிப்பின்மையின் ஆபத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன். பக்தன் வெறுக்கத் தொடங்கும்வரை அது காத்திருப்பதில்லை. வெறுப்பை எண்ணிக் கணக்குப் போடத் தெரிந்த ஓர் அமைச்சர் போதும்.

மதம் மாறியிருந்தால் தப்பித்திருக்கலாமே? (வேலூர்)

மாறினார்கள். ஆயிரக்கணக்கில் மாறினார்கள். 1895-இல் அது சிலரைக் காப்பாற்றியது. 1915 ஜூலையில் தலாத்தின் அமைச்சகமே, மதம் மாறியவர்களையும் அனுப்பிவிடுங்கள் என்று மாகாணங்களுக்கு உத்தரவிட்டது. பெண்களையும் சிறு குழந்தைகளையும் மட்டும் முஸ்லிம் வீடுகளுக்குள் இழுத்துக்கொண்டார்கள். வேறு பெயர், வேறு மொழி, வேறு தாய். உயிர் பிழைத்ததற்கு விலையாகத் தாங்கள் யார் என்பதையே கொடுத்த பிள்ளைகள் அவர்கள்.

அப்படியானால் இஸ்லாம்தான் குற்றவாளி என்று சொல்லத் தயங்குகிறீர்களா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

தயங்கவில்லை, மறுக்கிறேன். காரணங்களுக்குப் பெயரும் ஊரும் உண்டு.

ஜெலால் பே, அலெப்போவின் ஆளுநர். உத்தரவை நிறைவேற்ற மறுத்ததால் கோன்யாவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் நாடுகடத்தப்பட்டு வந்தவர்களை மேற்கொண்டு அனுப்பாமல் நிறுத்தி வைத்தார். அவரை நீக்கிய பிறகுதான் அவர்களை அனுப்ப முடிந்தது. ஃபாயிக் அலி, குதாஹ்யாவின் நிர்வாகி, கவிஞரும்கூட. தன் ஆளுகையில் இருந்த ஆர்மீனியர்களைக் காப்பாற்றினார். ஹுசெய்ன் நெசிமி, லிஜே வட்ட நிர்வாகி. மறுத்தார், ஆளுநர் ரெஷித் அழைப்பதாகச் சொல்லி வரவழைத்து வழியிலேயே கொன்றார்கள். மக்காவின் ஷெரீஃப் ஹுசெய்ன், நபிகள் குடும்பத்தின் வழிவந்தவர், தன் மகன் ஃபைசலுக்கும் பாலைவனத் தலைவர் ஒருவருக்கும் ஆர்மீனியர்களைத் தங்கள் குடும்பம்போல் காக்கும்படி ஆணை எழுதினார். தெர்சிம் மலையில் குர்துகள் ஆயிரக்கணக்கானவர்களை மறைத்து ரஷ்ய எல்லைக்குச் சேர்த்தார்கள். சிரியாவின் அராபியக் குடும்பங்கள் திறந்த கதவுகளை ஆர்மீனியர்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள்.

கொன்றவர்களும் அதே வேதத்தைச் சொன்னார்கள், காத்தவர்களும் அதே வேதத்தைச் சொன்னார்கள். ஒரு மதத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் ஹுசெய்ன் நெசிமியை இரண்டாம் முறை கொன்றவர்களாவோம். நீங்கள் பெயரை மறைத்துக் கேட்டீர்கள். அவர் பெயரை மறைக்காமல் மறுத்தார்.

கொல்லப்பட்டவர்களின் வீடும் நிலமும் யாருக்குப் போயின? (மதுரை)

‘கைவிடப்பட்ட சொத்து’ என்று சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. பால்கன் போர்களில் விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் அகதிகளுக்கு ஒரு பங்கு. உள்ளூர்ப் பிரமுகர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் ஒரு பங்கு. அந்த அகதிகளின் துயரமும் உண்மையானது. அதை ஆட்சியாளர்கள் பழிவாங்கும் எரிபொருளாக மாற்றினார்கள். ஒட்டோமான் மேலவையில் அஹ்மத் ரிஸா என்ற உறுப்பினர் எழுந்து, உடையவர்கள் விட்டுப்போகவில்லை, துரத்தப்பட்டார்கள், ஆகவே இது கைவிடப்பட்ட சொத்து ஆகாது என்று எதிர்த்தார். போர்க்காலத்தில், அந்த ஆட்சியின் முகத்துக்கு நேரே! சட்டத்தைத் தடுக்க முடியவில்லை, ஆனாலும் அவர் எதிர்த்தது பதிவில் இருக்கிறது.

உலக நாடுகள் வேடிக்கை பார்த்தனவா? (கடலூர்)

பார்த்தன, பேசின, பணம் திரட்டின, பிறகு மறந்தன. 1915 மே 24 அன்று பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் கூட்டாக எச்சரித்தன. ரஷ்யா எழுதிய வரைவில் ‘கிறிஸ்தவத்துக்கும் நாகரிகத்துக்கும் எதிரான குற்றம்’ என்று இருந்தது. முஸ்லிம் குடிகளைக் கொண்ட பிரிட்டனும் பிரான்சும் தயங்கியதால் அது ‘மனிதகுலத்துக்கு எதிரான’ என்றானது. காரணம் அரசியல்தான். ஆனாலும் பிற்காலச் சர்வதேசச் சட்டம் அந்தச் சொற்றொடரின் மேல்தான் எழுந்தது.

ஒட்டோமானின் கூட்டாளி ஜெர்மனி. அதன் தூதரகங்களுக்கு எல்லாம் தெரியும். கூட்டணி முக்கியம் என்று வாயை மூடிக்கொண்டது. 2016-இல் ஜெர்மன் நாடாளுமன்றம் தன் நாட்டின் பங்கையும் சேர்த்து ஒப்புக்கொண்டது. அமெரிக்கத் தூதர் ஹென்றி மோர்கெந்தோ திரும்பத் திரும்பத் தந்தி அனுப்பினார். அதன் விளைவாக எழுந்த நிவாரண இயக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அனாதைக் குழந்தைகளைக் காத்தது. 1923-இல் லொசான் உடன்படிக்கை கையெழுத்தானபோது ஆர்மீனியா என்ற பெயரே அதில் இல்லை.

தலாத் பாஷாவைச் சுட்டுக்கொன்ற இளைஞரை விடுதலை செய்தார்களாமே. அது நியாயமா? (சேலம்)

1919-இல் ஒட்டோமான் இராணுவ நீதிமன்றமே தலாத், என்வர், ஜெமால் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. விசாரணைக்கு வேண்டிய ஆவணங்களைத் திரட்டிய குழுவின் தலைவர் யார் தெரியுமா? அங்காராவில் மறுத்து நீக்கப்பட்ட அதே மஸ்ஹர் பே. ஆனால் தலைவர்கள் அதற்குள் ஜெர்மனிக்குத் தப்பிவிட்டார்கள். 1921 மார்ச் 15, பெர்லின் தெருவில் சோகோமோன் தெஹ்லிரியன் தலாத்தைச் சுட்டார். ஜெர்மன் நடுவர் குழு அவரை விடுவித்தது.

என் மனம் அந்த இளைஞரோடுதான் போகிறது. என் அறிவு, அன்று போலந்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ரஃபேல் லெம்கின் என்ற யூத மாணவரோடு போகிறது. ஒருவர் ஒருவரைக் கொன்றால் வழக்கு உண்டு, ஓர் அரசு ஓர் இனத்தையே கொன்றால் வழக்குப் போட ஏன் சட்டமே இல்லை என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை விடாமல் சுமந்துதான் 1948 டிசம்பர் 9-இல் ஐ.நா.வின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்குள் அவருடைய சொந்தக் குடும்பத்தில் பெரும்பாலோரை ஹிட்லரின் ஆட்சி கொன்றுவிட்டிருந்தது.

நண்பர்கள்கூடக் காட்டிக்கொடுத்தார்களா? (திண்டுக்கல்)

கிரிகோர் ஜோராப் பெயரைச் சொல்கிறேன். எழுத்தாளர், வழக்கறிஞர், ஒட்டோமான் நாடாளுமன்ற உறுப்பினர், தலாத்தோடு நெருங்கிப் பழகியவர். 1909-இல் தலாத்தின் கட்சிக்கு எதிராக எழுந்த எதிர்ப்புரட்சியில் அக்கட்சிக்காரர் ஹலில் உயிருக்குப் பயந்து ஓடியபோது, ஜோராப்தான் அவரைத் தன் வீட்டில் ஒளித்துவைத்தார். 1915-இல் அதே ஹலில் நாடாளுமன்றத் தலைவர். ஜோராப்பைக் கைது செய்து உர்ஃபா அருகே கொன்றார்கள். ஹலில் காப்பாற்றவில்லை.

சென்னைக்கும் ஆர்மீனியர்களுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? (சென்னை-1)

உங்கள் அஞ்சல் வட்டத்திலேயே இருக்கிறது. பாரிமுனை அருகே அரண்மனைக்காரன் தெருவில் 1772-இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயம். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் ‘அஸ்தரார்’ 1794-இல் இந்த மதராசில்தான் அச்சானது. ஆசிரியர் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். பரங்கிமலைக்குப் படிக்கட்டும், சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பழைய பாலமும் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் பணத்தில் கட்டியவை.

இவர்களில் பலருடைய வேர் ஜுல்ஃபா என்ற நகரம். 1604-05-இல் பாரசீகத்தின் ஷா அப்பாஸ் அந்த ஊரைக் காலிசெய்து மக்களை இஸ்ஃபஹானுக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழியில் பலர் மாண்டார்கள். போன இடத்தில் தேவாலயம் கட்டவும் பட்டு வணிகம் செய்யவும் அதே ஷா உரிமை கொடுத்தார். அந்தப் புதிய ஜுல்ஃபாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள்தான் மதராஸ் ஆர்மீனியர். பழைய ஜுல்ஃபாவின் இடுகாட்டில் சிலுவை செதுக்கிய கற்கள் ஆயிரக்கணக்கில் நின்றன. இன்று அஜர்பைஜானின் நகிச்செவான் பகுதியில் இருக்கும் அந்த இடத்தை 2005 டிசம்பரில் சிப்பாய்கள் சம்மட்டியால் உடைத்துத் தீர்த்ததை ஆற்றின் அக்கரையில், ஈரானிலிருந்து படம் பிடித்தார்கள்.

ஆர்மீனியர்கள் எப்போதும் பலியானவர்கள் மட்டும்தானா? (புதுச்சேரி)

இல்லை. 1992 பிப்ரவரியில் கோஜாலி ஊரிலிருந்து தப்பியோடிய அஜர்பைஜானியப் பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் ஆர்மீனியப் படைகளால் கொல்லப்பட்டார்கள். நாகோர்னோ-கராபாக் பகுதிக்காக நடந்த அந்தப் போரில் லட்சக்கணக்கான அஜர்பைஜானியர் ஊரை இழந்தார்கள். அதற்கு முன் சும்கயித்திலும் பாகுவிலும் ஆர்மீனியர்கள் தாக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பரில், பல மாத முற்றுகைக்கும் ஒரு நாள் போருக்கும் பிறகு, நாகோர்னோ-கராபாக்கின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மண்ணைவிட்டு வெளியேறினார்கள். தன் பக்கத்துப் பிணங்களை மட்டும் எண்ணுகிறவரிடம் நான் வரலாறு கேட்க மாட்டேன்.

நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. துருக்கி ஒப்புக்கொண்டால் என்ன, மறுத்தால் என்ன? (காரைக்குடி)

இடப்பெயர்ச்சியில் பலர் இறந்தது உண்மை, இனப்படுகொலை என்பது பொய் என்பது துருக்கி அரசின் நிலை. ‘அகோஸ்’ இதழின் ஆசிரியர் ஹ்ராந்த் திங்க், துருக்கிக் குடிமகன், ஆர்மீனியர், இரு மக்களும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று எழுதியவர். துருக்கியத்தை இழிவுபடுத்தினார் என்று வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். 2007 ஜனவரி 19 அன்று இஸ்தான்புல்லில் தன் அலுவலக வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவனுக்கு வயது 17. 1915-க்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? மறுப்பு அவனை வளர்த்தது. ஒப்புக்கொள்ளாத குற்றம் அடுத்த தலைமுறையின் கையில் துப்பாக்கியாக வந்து சேர்ந்தது. திங்கின் இறுதி ஊர்வலத்தில் ‘நாம் அனைவரும் ஆர்மீனியர்’ என்ற அட்டையோடு ஒரு லட்சம் பேர் நடந்தார்கள். பெரும்பாலோர் துருக்கியர். அந்த மக்களை நான் மதிக்கிறேன்.

ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள். (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ஃபெத்தியே செத்தின் எழுதிய ‘என் பாட்டி’. ஆசிரியர் துருக்கிய வழக்கறிஞர். ஹ்ராந்த் திங்கின் வழக்குகளை நடத்தியவர். செஹர் என்று ஊரே அறிந்த தன் பாட்டியின் இயற்பெயர் ஹெரானுஷ் என்பதும், 1915 நடைப்பயணத்தில் தாயிடமிருந்து பறிக்கப்பட்ட ஆர்மீனியச் சிறுமி அவர் என்பதும் வளர்ந்த பிறகுதான் பேத்திக்குத் தெரிந்தது. 2004-இல் புத்தகம் வந்ததும், ‘எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டி இருந்தார்’ என்று துருக்கியெங்கும் பேரப்பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். அந்த வாக்குமூலங்கள் தனிப் புத்தகமாகவே வந்தன. ‘என் பாட்டி’ ஆங்கிலத்தில் கிடைக்கிறது, சிறிய புத்தகம், இரண்டு நாளில் முடித்துவிடலாம். உங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லையென்றால் வாங்கச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். படித்துவிட்டு எனக்கும் எழுதுங்கள், மகளே.